முப்பத்தைந்து நிமிடச் சந்தனம்

20.9.2023, புதன்

காலையில் சுகர் 148. தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால்தான் இந்த நோட்டு. அதை மட்டும் எழுதினால் பக்கத்துக்கு ஒரு வரிதான் வருகிறது, மீதி இடத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

இன்று என் வண்டி லைட் ரிப்பேர் கடைக்கு மார்ட்டின் மேடம் வந்தார். பிரான்ஸ்காரர். அறுபத்து நாலு வயது, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவர். பதினைந்து வருஷமாக ரமணாசிரமத்துக்கு வந்து போகிறவர். தமிழ் பேசுவார், இலக்கணம் மட்டும் வழியில் எங்காவது இறங்கிக்கொள்ளும். இந்த முறை தன் பழைய காரையும் கப்பலில் சென்னைக்கு வரவழைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு மாத அனுமதி. டிசம்பர் ஒன்பதுக்குள் கார் நாட்டை விட்டுப் போயாக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கஸ்டம்ஸில் பெரிய வம்பாம்.

"சகாதேவன், இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. சாயங்காலம் நான் கார் ஓட்டினா, எதிர்ல வர்ற எல்லாரும் லைட் அடிச்சு ஹலோ சொல்றாங்க" என்றார்.

அது ஹலோ இல்லை மேடம், திட்டு என்றேன். மூன்று மாதமாகப் பதிலுக்கு இவரும் லைட் அடித்து, சிரித்துக் கை காட்டியிருக்கிறார். செங்கம் ரோட்டில் எத்தனை பேர் பல்லைக் கடித்தார்களோ.

விஷயம் இதுதான். அவர் ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும். அதனால் ஹெட்லைட் டிம்மில் இருந்தாலும் வெளிச்சத்தின் வலது முனை மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். அங்கே வலது பக்கம் ஓரம். நடந்து போகிறவன், மரம், பெயர்ப்பலகை தெரிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இங்கே வலது பக்கத்தில்தான் எதிர் வண்டி வருகிறது. ஏறுகிற வெளிச்சம் நேராக அவன் கண்ணுக்குள் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னேன்.

22.9.2023, வெள்ளி

கடைக்கு எதிரே மூடிக் கிடக்கிற கல்யாண மண்டபத்து மதில்தான் இருபது வருஷமாக எனக்கு லைட் பார்க்கிற பலகை. இருபத்தைந்து அடி தள்ளிக் காரை நிறுத்தினேன். என் மனைவி வினோதினியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவள் வழக்கம் போல வலது பக்கம் போய்க் கதவைத் திறந்து, ஸ்டீயரிங் இல்லாமல் முழித்தாள்.

லைட்டைப் போட்டால் மதிலில் இடது பக்கம் மட்டமாக ஒரு கோடு, நடுவிலிருந்து வலது பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சரிந்து ஏறுகிறது. மேடம் உடனே புரிந்துகொண்டார். நான் உள்ளங்கையை ஹெட்லைட் கண்ணாடி மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் கை வந்ததும் அந்தச் சரிவு மட்டும் அணைந்தது, மட்டக் கோடு அப்படியே நின்றது. அந்த இடத்தில் சாக்பீஸால் குறித்து, அளவெடுத்துக் கறுப்பு டேப்பை முக்கோணமாக வெட்டி ஒட்டினேன். இரண்டாவது லைட்டுக்கும் அதே மாதிரி. மேடம் கை தட்டினார்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் இன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். ஊரெல்லாம் வெள்ளை எல்.ஈ.டி. மாட்டு மாட்டு என்று வருகிறார்களே தவிர, எதிரில் வருகிறவன் கண் என்ன ஆகும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

டேப்பை எடுக்கவே கூடாது, ஓரம் கிளம்பினால் என்னிடம் வாங்க என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நான்தான் சொன்னேன். (இதை 24.10 அன்று அடிக்கோடிட்டேன்.)

6.10.2023, வெள்ளி

சுகர் 151. மேடம் வந்தார், டேப் நன்றாக இருக்கிறது. இப்போது யாரும் ஹலோ சொல்வதில்லை என்று போலியாக வருத்தப்பட்டார்.

15.10.2023, ஞாயிறு

பால்கார சுப்பண்ணா இன்றும் டி.வி.எஸ். லைட்டைச் சரி பார்க்க வண்டியை விடவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து நம் பக்கம் இருபத்து மூன்று வீட்டுக்கு, காலையும் சாயங்காலமும் அந்த வண்டியில்தான் வருகிறார். லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது. "எனக்கு ரோடு தெரியும்பா, ரோட்டுக்கு என்னத் தெரியும்"னு சொல்லிவிட்டுப் போகிறார்.

23.10.2023, திங்கள். ஆயுத பூஜை

சாயங்காலம் ஏழு மணி. இன்று முழுக்க நல்ல நாள்.

காலையிலிருந்து கடையைக் கழுவி, ஸ்பானர், டெஸ்டர், சால்ட்ரிங் அயர்ன், ஸ்குரூடிரைவர், டேப் உருளை, கத்தரி எல்லாவற்றையும் துடைத்து, வாழையிலையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாயிற்று. நாலு மணிக்கு மார்ட்டின் மேடமும் காரோடு வந்தார். தன் வண்டிக்கும் பூஜை வேண்டுமாம். மாலை அவரே வாங்கி வந்திருந்தார், தேவைக்கு இரண்டு மடங்கு பெரிசு.

காரைக் கழுவும்போது வினோதான் ஆரம்பித்தாள். "ஏங்க, சாமி கும்புடற நாள்ல, கண்ணுல கறுப்புத் துணி கட்டன மாதிரி இருக்குங்க. பாக்கவே நல்லால்ல." எனக்கும் அப்படித்தான் பட்டது. டேப்பின் ஓரமும் பிசுபிசுத்து அழுக்கேறியிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டியது. உரித்து, பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். புது டேப் வெட்டலாம் என்று திரும்பினால், உருளையும் கத்தரியும் பூஜையில். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்றுதானே எடுக்க முடியும்?

ஒரு யோசனை தோன்றியது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, டேப் இருந்த அதே முக்கோண இடத்தில் அப்பிவிட்டேன். நடுவில் குங்குமம். மறைக்க வேண்டிய இடமும் மறைந்தது, பொட்டும் ஆயிற்று. வினோவிடம் சொன்னேன், அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு வாங்க மேடம் என்று சொல்லி அனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை, பூஜைக் கும்பல்.

இருபத்தைந்து வருஷ அனுபவம் சும்மாவா.

ஏழே முக்கால். பால் இன்னும் வரவில்லை. வினோ இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டாள்.

24.10.2023, செவ்வாய்

சுப்பண்ணா விழுந்துவிட்டார். நேற்று ஏழு பத்துக்கு, அடி அண்ணாமலை வளைவில். எதிரில் வந்த கார் வெளிச்சத்தில் கண் கூசி, ஓரம் ஒதுங்கி, கல்லில் ஏறி — வலது கை எலும்பு முறிவு. பால் கேன் இரண்டும் பள்ளத்தில்.

கார் மார்ட்டின் மேடத்துடையது.

காரைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுப்பண்ணாவின் மகன் இளஞ்செழியன் புகார் கொடுத்திருக்கிறான். டீக்கடையில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். "வெள்ளைக்காரங்களுக்கு நம்ம ரோட்டுல இன்னா வேலை?" "ஃபுல் ஸ்பீடுல வந்துச்சாம்." நானும் அங்கேதான் டீ குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கல? அந்தம்மா இருபதுக்கு மேல ஓட்டாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிளாஸக் கீழ வச்சிட்டு வந்துட்டேன்.

25.10.2023, புதன்

கடை திறந்தேன். புது டேப்பை ஒரு முழம் வெட்டி, திரும்ப உருளையிலேயே ஒட்டி வைத்தேன். சுகர் பார்க்கவில்லை.

26.10.2023, வியாழன்

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுப்பண்ணா கையில் மாவுக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா சகாதேவா. வெளிச்சம் வந்து கண்ணுல குத்துச்சுப்பா. ரோடே தெரியல. ஓரமாத் திருப்பனா கல்லு மேல ஏறிடுச்சு. பாலெல்லாம் போச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தம்மா தாம்பா ஓடியாந்து தூக்குச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் கையப் புடிச்சிகினே வந்துச்சு. பையன் கேக்க மாட்றான், கேஸ் குடுத்துட்டான்."

மகன் பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வாயெடுத்தேன். வந்த வார்த்தை "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணா." இரண்டு ஆப்பிள் வாங்கிப் போனவன் செய்கிற காரியமா இது?

27.10.2023, வெள்ளி

பழைய ஹெட்லைட் ஒன்றை பேட்டரியில் இணைத்து, அதே மாதிரி சந்தனம் குழைத்து அப்பி எரியவிட்டேன். பத்து நிமிடத்தில் ஓரம் வெளுத்தது. இருபதில் விரிசல். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரே வில்லையாகக் கழன்று மேஜையில் விழுந்தது. குங்குமம் கூடக் கலையவில்லை.

பல்பு சுடும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் விரலைச் சுட்டுக்கொள்கிறவன் நான். சந்தனம் காய்ந்தால் நிற்காது என்று நெற்றியில் வைக்கிற குழந்தைக்குக் கூடத் தெரியும்.

30.10.2023, திங்கள்

மேடம் ஷேர் ஆட்டோவில் வந்தார். முகம் வாடியிருந்தது. கேஸ் முடியாமல் காரை வெளியே விட மாட்டார்களாம். கப்பலில் டிசம்பர் நாலுக்கு இடம் போட்டிருக்கிறார். அதைத் தவறவிட்டால் ஒன்பதுக்குள் வேறு கப்பல் கிடையாது. கார் பறிபோவது மட்டுமில்லை, இனிமேல் இந்தியாவுக்கு வர விசாவே சந்தேகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

அன்று எத்தனை மணிக்கு லைட் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆறரை. வேங்கிக்காலில் சாமான் வாங்கிவிட்டு மலையைச் சுற்றி வந்திருக்கிறார். "முதல்ல யாரும் எனக்கு லைட் அடிக்கல. கடைசில ரெண்டு பேர் அடிச்சாங்க. நான் நினைச்சேன், பூஜை நாள், ஹலோ சொல்றாங்க. அப்புறம் அந்தப் பெரியவர்." டேப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பூஜைக்காக எடுத்துவிட்டதால் அது இனி வேண்டாம் போல என்று நினைத்துக்கொண்டாராம். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஏழு ஐந்துக்குச் சந்தனம் விழுந்திருக்கும். ஏழு பத்துக்குச் சுப்பண்ணா. ஐந்து நிமிடம்.

மேடம் கேட்டது ஒரே ஒரு கடிதம். செப்டம்பரில் லைட்டைச் சரி செய்து கொடுத்தேன் என்று மெக்கானிக் எழுதித் தர வேண்டும். வினோ, "எழுதிக் குடுங்க, அதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றாள். உண்மைதான். செப்டம்பரோடு நிறுத்திக்கொண்டால் பொய் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் தீபத்துக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து கூப்பிட்டு, வெளியூர் பஸ்களுக்கு லைட் பார்க்கச் சொல்வார்கள். லைட்டுன்னா சகாதேவன் என்பார்கள். இதை எழுதிக் கொடுத்தால் இனி யார் கூப்பிடுவான்? பயமாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதுவதில் என்ன வெட்கம், பயம்தான்.

31.10.2023, செவ்வாய்

எழுதினேன். செப்டம்பர் 22, அக்டோபர் 23 இரண்டையும். உரித்தது நான், சந்தனம் அப்பியது நான், சோதித்துப் பார்த்ததில் முப்பத்தைந்து நிமிடம்தான் நின்றது, வண்டிக்காரருக்கு இது எதுவும் தெரியாது. கையெழுத்து, கடை முத்திரை.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஆர்த்தி. முப்பது வயசு இருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சந்தனமா?"

"ஆமாங்க மேடம்."

"சந்தனத்தால லைட்ட மறைக்கலாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானேதான்."

"டேப் இருந்துச்சுல்ல, எடுத்து ஒட்டியிருக்கலாமே?"

"பூஜையில இருந்துச்சு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. தன் மேஜையைப் பார்த்தார். ஸ்டேப்ளரில், பஞ்ச் மெஷினில், தொலைபேசியில் கூட அந்தப் பொட்டு இன்னும் காய்ந்து கிடந்தது. "எங்களுதும் அன்னிக்குத் தொடலதான்" என்றார். பிறகு, "இத அந்தப் பெரியவர்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"மொதல்ல அங்க போங்க. பேப்பர் இங்க இருக்கட்டும்."

1.11.2023, புதன்

அடி அண்ணாமலை. சுப்பண்ணா நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார், மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ஆப்பிள் வாங்கிப் போகவில்லை.

இளஞ்செழியன் குதித்தான். "இன்னாணா நீ? ஆஸ்பத்திரில வந்து நல்லவன் மாதிரி ரெஸ்ட் எடுங்கன்னு சொன்ன? ஒரு வாரம் வாயில இன்னா வச்சிருந்த?" அவன் கேட்டதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை. "அந்தம்மா மேல குடுத்தத வாபஸ் வாங்கி, இந்தாளு மேல குடுக்கறேன்" என்று அப்பாவைப் பார்த்தான்.

சுப்பண்ணா மாட்டைப் பார்த்துக்கொண்டே, "குடு. அப்பறம் பால நீ ஊத்து" என்றார்.

அதுதான் விஷயமே. இளஞ்செழியனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, இரண்டு வாரம் லீவு போட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போயாக வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை. வீடுகள் ஒருமுறை வேறு பாலுக்கு மாறிவிட்டால் திரும்பாது.

"நான் ஊத்தறேண்ணா. கட்டு பிரிக்கற வரைக்கும்" என்றேன். 

"உனக்கு எந்த வூட்டுக்கு எவ்ளோன்னு தெரியுமா?"

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னார். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருபத்து மூன்று வீடும் இருக்கிறது. கிளம்பும்போது கேட்டார், "சந்தனம் எவ்ளோ நேரம் நின்னுச்சு?" சொன்னேன். "அஞ்சு நிமிசம் முன்ன கெளம்பியிருந்தா நானும் தப்பிச்சேன், நீயும் தப்பிச்ச" என்றார். கோபமாகச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

5.11.2023, ஞாயிறு

முதல் நாள். காலை நாலரைக்கு எழுந்தேன். ஏழாவது வீட்டில் அரை லிட்டர் கம்மி, பன்னிரண்டாவது வீட்டில் ஜாஸ்தி. டி.வி.எஸ். லைட்டை நேற்றே கழற்றிப் புது பல்பு போட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்ல இப்போது இடமில்லை.

7.11.2023, செவ்வாய்

சாயங்காலம் வளைவில் எதிரே வருகிற பைக் ஒவ்வொன்றும் என் கண்ணில் அடிக்கிறது. ரோடு காணாமல் போகிறது. ஒரு நொடி இல்லை, மூன்று நான்கு நொடி. கேனின் கனத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. இத்தனை வருஷமும் நான் லைட்டுக்குப் பின்னால் நின்றே வேலை செய்திருக்கிறேன். முன்னால் வந்து நின்றதில்லை.

வண்டியை நிறுத்தி நாலு பேரை மடக்கினேன். அதில் இரண்டு பேர், "அண்ணா, இந்த எல்.ஈ.டி. நீங்க மாட்டனதுதான்" என்றார்கள்.

9.11.2023, வியாழன்

அந்த இரண்டையும் கழற்றிப் பழைய பல்பு போட்டேன். எல்.ஈ.டி. பெட்டி முழுவதையும் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

17.11.2023, வெள்ளி

இளஞ்செழியன் வந்து எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றான். என் மேலும் கொடுக்கவில்லை. என்னோடு பேசவுமில்லை. மேடத்தின் கார் வெளியே வந்தது. நேராகக் கடைக்கு வந்தார். மதிலுக்கு முன் நிறுத்தி டேப் ஒட்டினேன். முதல் துண்டு கோணல், பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

நடந்தது முழுவதையும் ஸ்டேஷனில் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மேடம் என்னிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பட்டார். "நான் மூணு வாரம் தூங்கல, சகாதேவன். நான் ஒரு மனுஷனை அடிச்சேன்னு நினைச்சேன். நீங்க முதல் நாள் சொல்லியிருக்கணும்." சொல்லியிருக்கணும். மன்னிப்பு கேட்டேன். டேப்பை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து கூப்பிடவில்லை.

26.11.2023, ஞாயிறு. தீபம்

ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். கேனைத் தோளில் தூக்கிக் கூட்டத்தில் நுழைந்து நடந்தே ஊற்றினேன். ஒரு வீடு கூட விடவில்லை. சுகர் 112. டாக்டரிடம் காரணம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

1.12.2023, வெள்ளி

காலை ஐந்தரை, இருட்டு, லேசான தூறல். அடி அண்ணாமலை வளைவில் பால் வண்டியோடு வந்துகொண்டிருந்தேன். எதிரில் ஒரு கார். வெளிச்சம் ரோட்டில் மட்டமாகப் பரவி வந்தது, என் மார்புக்கு மேல் ஏறவில்லை. ஓரத்துக் கல், பள்ளம், எல்லாம் எனக்குத் தெரிந்தது.

மார்ட்டின் மேடம். சென்னைக்கு, கப்பலுக்குப் போகிறார். கடைசியாக மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பார். நிறுத்தவில்லை. பக்கத்தில் வரும்போது லைட்டை ஒருமுறை அடித்தார். நானும் டி.வி.எஸ்.ஸில் அடித்தேன். இந்தத் தடவை அது ஹலோதான்.

12.12.2023, செவ்வாய்

சுப்பண்ணாவுக்குக் கட்டு பிரித்தார்கள். நாளையிலிருந்து அவரே ஊற்றுகிறார். சாவியைக் கொடுத்தபோது, "பன்னெண்டாவது வூட்டுல உன் அளவுதான் வேணுமாம்" என்றார்.

11.10.2024, வெள்ளி. ஆயுத பூஜை

கடையைக் கழுவி, எல்லாச் சாமானையும் வாழையிலையில் வைத்துப் பொட்டு வைத்தோம். சூடம் காட்டி முடிக்க மணி ஐந்தரை.

ஆறு மணிக்குச் சுப்பண்ணா கேனோடு வந்தார். வண்டிக்கு மாலை போட்டு, பொட்டை மட்கார்டில் வைத்திருந்தார், லைட் கண்ணாடியில் இல்லை. பாலை அளந்து ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். லைட் எரியவில்லை. ஆட்டிப் பார்த்தார், எரியவில்லை.

"பல்பு போச்சு போல. பூஜை நாளு, நீ தொடக் கூடாது. நாளைக்கு விடறேன்" என்றார். பாதி வீடு பாக்கி இருந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"எறங்குங்கண்ணா" என்றேன்.

இலையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன். வினோ பார்த்தாள். எழுந்து போய், தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்திருந்த பல்புப் பெட்டியை அவளே எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். பல்பு மாற்றி, மதிலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று பார்த்து, ஒரு திருகு இறக்கினேன்.

சுப்பண்ணா கிளம்பிப் போனார். என் கையெல்லாம் குங்குமம், கழுவவில்லை.